ஸ்போர் சாகுமா, தம்பி?

கிருமிநாசினி விற்க வரும் ரெப் பையன்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "ஸ்போர் சாகுமா, தம்பி?" ஸ்போர் என்பது சில பாக்டீரியாக்கள் கஷ்ட காலத்தைத் தாண்ட எடுத்துக்கொள்ளும் விதை மாதிரியான வடிவம். கேட்டதும் பாதிப் பேர் "எல்லாமே சாகும் சிஸ்டர்" என்பார்கள். மீதிப் பேர் வழவழ நோட்டீஸைப் புரட்டி, 99.9 சதவீதம் என்று அச்சிட்ட இடத்தில் விரலை வைப்பார்கள். எந்தக் கிருமியை வைத்துச் சோதித்தது, எத்தனை நிமிஷம் ஈரமாக வைத்திருந்தது, சுத்தமான பரப்பிலா அழுக்குப் பரப்பிலா என்று மேலே கேட்டால், "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சிஸ்டர்" என்று ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காலண்டரில் குறையொன்றும் இல்லை. நல்ல தாள்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். ஐ.சி.என். என்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள பதவி. ஆயாம்மாக்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பக்கெட் சிஸ்டர்'. எந்த பக்கெட்டில் எதை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதிலேயே என் பாதி நாள் போய்விடுவதால் அந்தப் பெயர்தான் சரி.

அந்த 99.9 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கட்டில் கம்பியில் பத்து லட்சம் கிருமி இருந்தால், 99.9 சதவீதம் செத்த பிறகும் ஆயிரம் மிச்சம் இருக்கும். அந்தச் சோதனையும் பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ. கோலை மாதிரி சுலபமாகச் சாகிற ஆட்களை வைத்துத்தான் நடந்திருக்கும். ஸ்போருக்கு அந்த எண் பொருந்தாது. ஐரோப்பாவில் ஆஸ்பத்திரிக் கிருமிநாசினிகளின் ஸ்போர் கொல்லும் திறனைப் பார்க்க இ.என். 17126 என்று தனியாக ஒரு சோதனை முறையே உண்டு. அதில் தேற, பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சி. டிஃபிசில் என்ற, பேதியை உண்டாக்கும் குடல் பாக்டீரியாவின் ஸ்போரைக் கொல்லும் என்று நிரூபித்த மருந்துகளை 'கே' பட்டியல் என்று தனியே போட்டு வைத்திருக்கிறது. ரெப் தம்பிகளிடம் நான் கேட்பது இந்த மாதிரி ஒரு காகிதத்தைத்தான். இருந்தால் ஜெராக்ஸ் கொடுங்கள், இல்லையென்றால் காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எங்களுக்கு எங்கே இந்தத் தலைவலி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் குளத்துப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வருவார். ஆபரேஷன் நல்லபடியாக முடியும். ஆன்டிபயாடிக் ஊசி சில நாள் ஓடும். பிறகு ஒருநாள் காலையில் வயிற்றால் போக ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு தடவை. வீட்டு ஆட்கள் அதற்கு முந்தின நாள் யார் இளநீர் கொடுத்தது, யார் ஆஸ்பத்திரி கேன்டீனில் பொங்கல் வாங்கிக் கொடுத்தது என்று பஞ்சாயத்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வருகிற பேதியெல்லாம் சி. டிஃபிசிலால் வருவதில்லை, பெரும்பாலானது தானாக நின்றுவிடும். ஆனால் வயதானவர், ஆன்டிபயாடிக், காய்ச்சல், வயிற்று உப்புசம் நாலும் சேர்ந்தால் டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதுவார். ஜி.டி.எச். என்கிற அந்தக் கிருமியின் நொதி, டாக்ஸின் என்கிற அதன் நச்சு இரண்டும் பாசிட்டிவ் என்று லேபிலிருந்து போன் வந்தால் என் வேலை ஆரம்பம்.

சி. டிஃபிசிலுக்குக் காற்று ஆகாது. வெளியே வந்தால் உயிருள்ள பாக்டீரியா சீக்கிரமே செத்துவிடும், ஸ்போர் சாகாது. விதைநெல்லை ஈரப்பதம் வற்றக் காயவைத்துத்தானே குதிரில் போடுகிறோம், இதுவும் அதே உபாயம்தான். ஸ்போரின் நடுக்கருவில் தண்ணீரை வற்றவைத்து, அந்த இடத்தில் கால்சியத்தோடு சேர்ந்த டைபிகோலினிக் அமிலத்தை அடைத்து, டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னப் புரதங்களால் போர்த்தி, அதற்கு மேல் கெட்டியான உறைகளைப் போட்டுக்கொண்டு கிடக்கும். மாதக்கணக்கில் காத்திருக்கும். கட்டில் கம்பியிலிருந்து ஒரு கைக்கு, கையிலிருந்து ஒரு வாய்க்குப் போய்க் குடலில் பித்த உப்பு பட்டதும் முளைவிடும். அங்கே வழக்கமாகக் குடியிருந்த நல்ல பாக்டீரியாவை ஏற்கெனவே ஆன்டிபயாடிக் காலி செய்து வைத்திருந்தால் கேட்க ஆளில்லை.

இதில் எனக்கு அதிகம் போராட்டமாக இருப்பது சேனிடைசர். கொரோனாவுக்குப் பிறகு ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு பாட்டில் தொங்குகிறது. அதை ஒரு அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொள்வது எல்லாருக்கும் அனிச்சையாகவே வந்துவிட்டது, நல்ல பழக்கம்தான். ஆனால் ஆல்கஹால் ஸ்போரை ஒன்றும் செய்யாது. மலத்திலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுக்க லேபில் என்ன செய்வார்கள் தெரியுமா? மாதிரியை ஆல்கஹாலில் ஊறவைப்பார்கள். மற்றதெல்லாம் செத்துப்போகும், ஸ்போர் மட்டும் நிற்கும், அதை எடுத்து வளர்ப்பார்கள். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னதும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பாட்டிலை விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார்கள். சோப்பும் ஸ்போரைக் கொல்லாது, தேய்த்துக் கழுவி சாக்கடைக்கு அனுப்பும், அவ்வளவுதான். அது போதும். கிளவுஸ் போட்டிருந்தாலும் கழற்றிய பிறகு கை கழுவியே ஆக வேண்டும். சி. டிஃபிசில் நோயாளியின் அறை வாசலில் இருக்கும் சேனிடைசர் பாட்டிலை நானே கழற்றி எடுத்துவிடுவேன், சபலம் வேண்டாம் என்று.

அடுத்து ஃபினாயில். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி சுத்தமாக இருக்கிறதா என்பதைச் சொல்வது மூக்கு. ஃபினாயில் வாடை அடித்தால் "நல்லா வச்சிருக்காங்க". வாடை இல்லையென்றால் "தண்ணியத்தான் தெளிச்சுத் தொடைக்கிறாளுவ". ஃபினாயிலும் லைசாலும் ஸ்போரிடம் செல்லாக்காசு. பென்சால்கோனியம் குளோரைடு வகையறா, அதாவது ரோஜா வாசனை, எலுமிச்சை வாசனையோடு வரும் கலர் கலர் தரைத் திரவங்களில் இருக்கும் சரக்கு, அதுவும் அப்படியே. அன்றாடம் வராந்தா தரைக்கு அவை போதும், குறை சொல்லவில்லை. சி. டிஃபிசில் நோயாளி இருக்கும் அறையில் அவற்றை வைத்துத் துடைத்தால், ஒரு மூலையில் கிடந்த ஸ்போரை மாப் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மூக்கை நம்பி ஜெயித்தவர் ஒருவர் உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணவறையிலிருந்து பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்கள் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். அவர் அதைத் தேர்ந்தெடுத்ததே பிண வாடையைப் போக்குகிறது என்பதால்தான். கிருமியால் நோய் வரும் என்பது அப்போது நிரூபணம் ஆகியிருக்கவில்லை. வாடைக்காக எடுத்த பொருள் பிரசவக் காய்ச்சல் சாவுகளைக் குறைத்தது. இன்றைக்கு நாங்களும் அதே குளோரினிடம்தான் வந்து நிற்கிறோம்.

கொதிக்கவைத்தால் சாகாதா என்பார்கள் சிலர். அதற்கு வைக்கோல் கதை இருக்கிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஃபெர்டினாண்ட் கோன் 1876இல், வைக்கோல் ஊறல் தண்ணீரைக் கொதிக்கவைத்த பிறகும் அதில் ஒரு பாக்டீரியா திரும்ப முளைப்பதைப் பார்த்து, அது ஸ்போரின் வேலை என்று காட்டினார். அதே சமயத்தில் லண்டனில் டிண்டல் என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடத்துக்குள் பழைய வைக்கோலைக் கொண்டுவந்த பிறகு, அவர் கொதிக்கவைத்த எதுவுமே கெடாமல் நிற்கவில்லை. கடைசியில் கியூ என்ற தாவரத் தோட்டத்தில் இருந்த வேறு ஆய்வுக்கூடத்துக்கே இடம் மாறினார். பிறகு அவர் கண்ட வழி, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஸ்போர் முளைக்கக் காத்திருந்து, முளைத்த பிறகு மறுபடி கொதிக்கவைப்பது. போர் போராக வைக்கோல் குவிந்து கிடக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சோற்றிலும் பேசிலஸ் சீரியஸ் ஸ்போர் கொதியைத் தாண்டி நிற்கும். வடித்த சோற்றை அப்படியே வெளியில் மணிக்கணக்காக வைத்துவிட்டு, அப்புறம் கிளறித் தாளித்துச் சாப்பிட்டால் வாந்தி எடுப்பது அதனால்தான். ஆபரேஷன் சாமான்களை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் நீராவி அழுத்தத்தோடு வேக வைக்கிறோம். அது சரியாக வெந்ததா என்று பார்க்கவும் ஸ்போர் அடைத்த ஒரு சின்னக் குப்பியைத்தான் உள்ளே வைக்கிறோம். அது செத்திருந்தால் எல்லாம் செத்தது என்று அர்த்தம். கட்டிலையும் லாக்கரையும் ஆட்டோகிளேவில் போட முடியாதே, அதற்குத்தான் மருந்து தேட வேண்டியிருக்கிறது.

மருந்து என்று பார்த்தால் எங்கள் வசதிக்குக் கடைசியில் நிற்பது சோடியம் ஹைப்போகுளோரைட், நாங்கள் சொல்வது ஹைப்போ. ஐந்து சதவீத ஹைப்போ என்றால் 50,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 50,000 பங்கு. ஒரு பங்கு ஹைப்போவுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றினால் 5,000 பிபிஎம். ஸ்போருக்கு இந்த அளவு வேண்டும், பத்து நிமிஷம் ஈரமாக இருக்கவும் வேண்டும். கணக்கு இவ்வளவுதான். சிக்கல் கேனில் இருக்கிறது.

ஹைப்போ தானாகவே செத்துக்கொண்டிருக்கும் பொருள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அது கெடும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறும். வெயில் பட்டால் இன்னும் மோசம். எங்கள் ஸ்டோர் மொட்டை மாடியில், தகரக் கூரை போட்டது. சித்திரை, வைகாசியில் உள்ளே போனால் கேனைத் தொட்டாலே சுடும். பர்ச்சேஸ் பார்க்கும் தம்பி நல்ல பிள்ளை, கணக்கில் புலி. "அக்கா, பத்து சதவீத கேன் வாங்குனா லிட்டருக்கு லாபம், தண்ணி நீங்க ஊத்திக்கலாம்ல" என்று ஒரு வருஷம் மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டார். சரக்கு எவ்வளவு காட்டமோ அவ்வளவு வேகமாகக் கெடும் என்பது கொட்டேஷனில் எழுதியிருக்காது. அக்னி நட்சத்திரம் முடிந்து குளோரின் சோதிக்கும் பட்டையை நனைத்துப் பார்த்தால், வர வேண்டிய நிறத்துக்குக் கிட்டேகூட வரவில்லை. கேனில் பாதிச் சத்து போயிருந்தால், பத்து சதவீத சரக்குக்கு உரிய ஒன்றுக்குப் பத்தொன்பது என்று சாஸ்திரப்படி கலந்தாலும் பக்கெட்டில் இருப்பது 2,500தான். வாடை மட்டும் ஜோராக அடிக்கும். பட்டை வாங்கும்போதும் பார்த்து வாங்க வேண்டும். குடிதண்ணீருக்கு விற்கும் பட்டை சில பிபிஎம்மிலேயே முழு நிறம் காட்டிவிடும், அதை வைத்து 5,000ஐ அளக்க முடியாது.

அதற்குப் பிறகு கேன் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருட்டு மூலைக்கு வந்தது. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது, தயாரித்த தேதி பார்க்காமல் கையெழுத்துப் போடாதது, கலந்த கரைசலை அன்றன்றைக்குக் கொட்டிவிடுவது என்று ஆயிற்று.

பிளீச்சிங் பவுடர் பற்றியும் கேட்பார்கள். புதிதாக இருந்தால் முப்பது சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும், விலையும் சல்லிசு. ஆனால் நம் பக்கத்து ஈரக்காற்றில் மூட்டையை ஒருதரம் பிரித்தால் போச்சு, கட்டி கட்டியாகிவிடும். அடியில் சுண்ணாம்பு தங்கும், துடைத்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. தேர் வரும் தெருவுக்கும் அமைச்சர் வரும் ரோட்டுக்கும் ஓரத்தில் கோடு போட அது போதும், ஐசொலேஷன் அறைக்கு வேண்டாம்.

இப்போது நான் சாய்ந்திருப்பது குளோரின் மாத்திரை பக்கம். என்.ஏ.டி.சி.சி. என்பார்கள். காய்ந்த பொருள் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கும்வரை வெயில் காலத்திலும் கெடாது. 1.67 கிராம் மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் 1,000 பிபிஎம். ஐந்து போட்டால் 5,000. ஆயாம்மாக்களுக்கு மூடியில் அளந்து ஊற்றுவதைவிட எண்ணிப் போடுவது சுலபம், எனக்கும் எண்ணிச் சரிபார்ப்பது சுலபம். விலை கூடத்தான், ஆனால் கெட்டுப்போய்க் கீழே ஊற்றிய ஹைப்போவின் விலையைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன், தம்பி வாயைத் திறக்கவில்லை. ஒரே பயம், அது பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கிறது. மருந்து டிராலி பக்கமே வரக் கூடாது என்று தனிப் பூட்டு போட்டு, சாவியை நானே வைத்திருக்கிறேன்.

இனி அந்தப் பத்து நிமிஷம். பாட்டிலில் அச்சடித்திருக்கும் பத்து நிமிஷம் ஏதோ குளிர் தேசத்து ஆய்வுக்கூடத்துப் பத்து நிமிஷம். மே மாதம் மத்தியானம், தலைக்கு மேல் ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றுகிற அறையில், கட்டில் கம்பியை நனைத்துவிட்டு நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கம்பி முழுக்கப் பளபளப்பு. வளைவில் ஈரம் முதலில் மங்குகிறது, அப்புறம் மேல்பக்கம் திட்டுத் திட்டாகக் காய்கிறது, கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. காய்ந்துவிட்டால் வேலை நின்றது. இதே கம்பி ஐப்பசி அடைமழையில் கால் மணி நேரம் ஆனாலும் பிசுபிசுவென்று ஈரமாகவே இருக்கும்.

ஆடுதுறையிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் மூத்த ஆயாம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஆளு டிஸ்சார்ஜ் ஆயிட்டா ஃபேன நிறுத்திட்டு நனைச்சிரலாம் சிஸ்டர். ஆளு படுத்திருக்கறப்ப நிறுத்துனா அந்த ஐயா புழுங்கிச் செத்துருவாரு. நான் ஒரு சுத்து நனைச்சிட்டு, லாக்கரத் தொடைச்சிட்டு வந்து திரும்ப நனைக்கிறேன், சரிதானா?" என்றார். சரிதான். இதை அப்படியே எங்கள் ஆஸ்பத்திரி நடைமுறையாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் துடைப்பதைப் பார்க்க வேண்டும். துணியை எட்டாக மடித்து, ஒரு முகத்தால் ஒரு இடம், அழுக்கானால் அடுத்த முகம், எட்டும் முடிந்தால் துணி அழுக்கு வாளிக்குப் போகும். நனைத்த துணியைத் திரும்ப மருந்து பக்கெட்டில் முக்கவே மாட்டார். மேலிருந்து கீழ், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கு இடம், கடைசியாகத்தான் கம்மோடு. ஹைப்போ போடுவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் ஒருதரம் துடைப்பார், மலம் பட்ட இடத்தில் நேராக ஹைப்போவை ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கைத் தின்பதிலேயே தீர்ந்துபோகும். பத்து நிமிஷம் ஆனதும் வெறும் தண்ணீரில் ஒருதரம். இந்தக் கடைசிச் சுற்றை விட்டால் ஆறு மாதத்தில் கட்டில் துருப்பிடித்துவிடும்.

பாத்ரூமைப் பற்றி ஒரு வார்த்தை. டாய்லெட்டுக்கு ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் போகவில்லை. அதே இடத்தில் ஹைப்போ விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே குனிந்திருப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார். சி. டிஃபிசில் அறைக்குள் ஆசிட் பாட்டிலே போகக் கூடாது என்று தடை போட்டிருக்கிறேன். நிறைய மூத்திரம் தேங்கியிருக்கும் பெட்பேனிலும் நேராக ஹைப்போ ஊற்றக் கூடாது, முதலில் கொட்டிக் கழுவ வேண்டும்.

மற்றவை எல்லாம் வேலைக்கு ஆகாதா என்றால், ஆகும். பெராசிட்டிக் அமிலம் ஸ்போரைக் கொல்லும், காட்டமான ஹைட்ரஜன் பெராக்சைடு கலவைகளில் சிலவும் கொல்லும். பெராக்சைடு ஆவியை அறை முழுக்க நிரப்பும் மெஷினும் இருக்கிறது. அதன் விலையைச் சொன்னதும் எம்.டி. சார் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். குளுட்டரால்டிஹைடு இரண்டு சதவீதக் கரைசல் எண்டோஸ்கோப்பை ஊறவைக்கத்தான். இருபது நிமிஷத்தில் மற்ற கிருமி போகும், ஸ்போர் போகப் பத்து மணி நேரம் வேண்டும். அதைத் துணியில் நனைத்துக் கட்டிலைத் துடைப்பது கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஃபார்மலினை ஊற்றி ஆபரேஷன் தியேட்டரைப் புகை போடும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லிவிட்டது. அது இனிமேல் வேண்டவே வேண்டாம்.

துடைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் ஜெல்லை அங்கங்கே புள்ளி வைத்துவிட்டு, சுத்தம் முடிந்ததும் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச்சை அடிப்பேன். துடைத்த இடத்தில் புள்ளி இருக்காது. கம்பி, லாக்கர், கதவுக் கைப்பிடி எல்லாம் இப்போது சுத்தம். விடுபடுவது கட்டிலை உயர்த்தும் அந்த சுழற்று கைப்பிடி, காலிங் பெல் ஸ்விட்ச், ஐ.வி. ஸ்டாண்டின் திருகு.

இன்னும் ஒன்றுக்கு வழி தெரியாமல் இருந்தது, கட்டிலுக்கு அடியில் அட்டெண்டர் விரித்துப் படுக்கும் கோரைப்பாய். வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், நோயாளியைத் தூக்கி உட்கார வைத்த அதே கையோடு அதில் படுப்பார்கள், டிஸ்சார்ஜ் ஆனதும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அதை ஹைப்போவில் நனைத்தால் பாய் போய்விடும், நனைக்காவிட்டால் ஸ்போர் வீட்டுக்குப் போகும். ஐசொலேஷன் அறைக்கு மட்டும் அட்டெண்டருக்கென்று ரெக்ஸின் மெத்தை ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பர்ச்சேஸ் தம்பி மூன்று கொட்டேஷன் கேட்கிறார்.